புத்தகத்துக்குப் பாடு கேட்டவன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக என் மனசோடு சண்டை போட்டிருக்கிறேன். நோட்டு வாங்குவேன், அம்மன் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிடுவேன், அப்புறம் வலையோடு சேர்த்து மூலையில் போட்டுவிடுவேன். எட்டாவது வரைக்கும் படித்தவன்தான். எழுத வராது என்பதல்ல காரணம். எழுதினால் தப்பு யாருடையது என்று தெரிந்துபோகும். அதுதான்.

என் மகள் அப்போது ஏழாவது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒரு வரி முடிவதற்குள் மூச்சு வாங்கும். வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் தினம் காலையில் வயிற்றுவலி. "எட்டாவதோட நின்னுடறேன் நைனா" என்பாள். எப்படியாவது அவளைப் படிப்பில் நிறுத்திவைக்க வேண்டும் என்று நானும் என் பெண்சாதியும் வேண்டாத சாமி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோயிலை ஒட்டிய கூடத்தில் சாயங்கால வகுப்பு எடுக்க ஒரு டீச்சரம்மா வந்தார். அனுப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்து வருவார். கையில் ஒரு போன். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கவைத்து, எங்கே தடுக்குகிறது என்று அதில் குறிப்பார். என்ன கதை பிடிக்கும் என்று கேட்டு அதையும் போடுவார். போன் இன்டர்நெட்டில் தேடி, இந்தப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் பொருந்தும் என்று காட்டும். அதைப் பார்த்து அடுத்த வாரம் கொண்டுவருவார்.

என் மகளுக்கு வந்தது மெல்லிசான புத்தகம். பக்கத்துக்கு நாலு வரி, மிச்சம் படம். என் பெண்சாதியின் தம்பி எதிர்வீடு. அவன் மகனும் ஏழாவதுதான். அவனுக்குச் செங்கல் மாதிரி ஒன்று வந்தது.

நாலு நாள் கழித்துப் படகுத்துறையில் எல்லார் முன்னாடியும் மச்சான் ஆரம்பித்தான். "இன்னா மாமா, உன் பொண்ணு இன்னும் பால்வாடினு போனே சொல்லிடுச்சாமே!"

"வாய மூட்றா."

"என் வாய மூடிடுவ. போன் வாய எப்டி மூடுவ?"

ஐஸ் உடைக்கிறவன்கூடச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டில் பெண்சாதி வேறு சொன்னாள். "பாதி புக்கு தானா படிச்சிட்டாய்யா. அதுல வெள்ளத்துல காணாமப்போன நாயத் தேடிப் போறாளாம் ஒரு பொண்ணு. நாலு நாளா வயித்துவலினே சொல்லல." காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

டீச்சரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "கதை அவ வயசுக்கானதுதாண்ணே, வரி மட்டும்தான் கம்மி. ரெண்டையும் பாத்துத்தான் தேடினேன். இத முடிச்சா அடுத்தது இன்னும் கொஞ்சம் பெருசா வரும்" என்றார்.

"உங்க போனு யாரும்மா என் பொண்ண அளக்கறதுக்கு? அதுக்குப் புள்ளகுட்டி இருக்குதா?"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் நிறைய விழும் இடத்தை எவனும் சொந்தம் கொண்டாட முடியாது. சீட்டுப் போட்டு, வரிசை வைத்து, நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும். ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து நின்று கேட்டேன். "ஏரியிலயே முறை இருக்கு. புக்குல மட்டும் ஒருத்தனுக்குச் செங்கல்லு, ஒருத்தனுக்கு அப்பளமா? புக்குக்கும் பாடு வைங்க." பதினோரு பிள்ளைகள், பதினோரு புத்தகம். அமாவாசைக்கு அமாவாசை மாற்றிக்கொள்வது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

டீச்சரம்மா எழுந்தார். "மூக்குக்கண்ணாடிய இப்டி முறை வெச்சு மாத்திப்பீங்களா?"

"கண்ணாடி மாட்டிக்கினு எவன்மா வலை போட்றான்?" என்றார் ஒரு பெரியவர். கூட்டமே சிரித்தது. அதில் என் சிரிப்புதான் பெரிசு.

அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சீட்டு எடுத்தோம். செங்கல் புத்தகம் என் மகளுக்கு விழுந்தது. மெல்லிசு மச்சான் வீட்டுக்குப் போனது. அம்மனே நியாயம் சொல்லிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே வாசலில் மகளை உட்காரவைத்து, தெருவுக்குக் கேட்கும்படி படிக்கச் சொன்னேன். நாலு வார்த்தை. நின்றுவிட்டாள். "படி" என்றேன். எதிர்வீட்டிலிருந்து மச்சான், "ஒண்ணும் கேக்கலியே மாமா!" என்று கத்தினான். அவள் புத்தகத்தை மூடினாள்.

"அந்த நாய் கெடச்சிச்சானு பாக்கணும் நைனா. அந்த புக்கையே வாங்கிக் குடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் வெட்கத்தை விட்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவன் மகன் அந்த மெல்லிசைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பெரிசு வேண்டுமென்று அழுதுகொண்டிருந்தான். மாற்றிக்கொண்டால் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லது.

"சாமி முன்னாடி எடுத்த சீட்டு மாமா. முறை கேட்டது யாரு, நானா? வரிசைல வா" என்றான். பெரியவர்களிடம் போனேன். ஒருத்தனுக்கு விழுந்த பாடு இன்னொருத்தனுக்கு மாறினால் நாளைக்கு ஏரியில் வெட்டுக்குத்தாகும் என்றார்கள். இதே பேச்சை நானே எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்.

இரண்டு அமாவாசைக்குப் பிறகு டீச்சரம்மா வரவில்லை. வராமல் இருந்ததற்கு அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. கோபப்பட உரிமை இல்லை என்றும் தெரியும்.

பத்து அமாவாசை கழித்து அந்த மெல்லிசுப் புத்தகம், முனை மடங்கி, மீன்வாடையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியது. அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அடுத்த வூட்டுக்குக் குடுத்துடு நைனா. என் முறைய விட்டுக்குடுத்துட்டேன்."

சொன்னபடியே எட்டாவதோடு நின்றாள். இப்போது இறால் உரிக்கப் போகிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மன் மேல் பழி இல்லை. அவள் முன்னால் சீட்டை மடித்து வைத்தவன் நான்.

பிள்ளையை வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். பின்னால் அவள் படித்து முன்னேறினாள் என்று இரக்கப்பட்டு ஒரு வரி ஒட்டவைக்காதீர்கள். மச்சான் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள், அவனைத் திட்ட நான் இருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து கேட்டது அவளைப் பெற்றவன் என்பதை மட்டும் எங்கேயும் விட்டுவிடாதீர்கள்.