உத்திராபதி ஜீப்பின் இரைச்சல்

திருவேட்டக்குடி உத்திராபதிக்குப் பயம் கூடப் பிறந்தது அல்ல. எழுபத்தேழாம் வருஷப் புயல் அவருடைய தம்பியைக் கொண்டுபோனபோது வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை கட்டுமரம் ஏறியவர், பிறகு கடலில் கால் நனைக்கக்கூடப் போகவில்லை. ஏலத்தில் ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்து, கரையிலிருந்து காரைக்கால் மார்க்கெட்டுக்கு மீன் கூடை ஏற்றிப் பிழைத்தார். கடலை விட்டவரைக் கடல் பயம் விட்டதா என்றால், இல்லை. ஒரே மகள் அல்லியைக் கட்டிய மருதையன் கட்டுமரக்காரன். போதாதா?

அதற்காகத்தான் ஜீப்பில் ரேடியோ வைத்தார். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து திரும்பி, கரையில் வண்டியை நிறுத்தித் திருச்சி நிலையத்தின் வானிலை அறிக்கையைக் கேட்பார். பேட்டரியில் உயிரில்லை; எஞ்சின் ஓடினால்தான் ரேடியோ பேசும். கரையில் வேறு ரேடியோ இல்லாமல் இல்லை. ஆனால் அவரைப் போல் பயந்து பயந்து கேட்க ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் விடியலில் மரத்தைக் கடலில் இறக்குவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், ஆயுத பூஜை முடிந்த கையோடு அந்த ரேடியோ கெட்டது. எஞ்சினைக் கிளப்பியதும் கரகரவென்றது; ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடவே அதுவும் கத்தியது. செய்தி வாசிப்பவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரி இருந்தது.

டவுன் மெக்கானிக் முகைதீன் பிச்சை பிளக் ஒயர்களை மாற்றினார். டைனமோவில் கண்டென்சர் வைத்தார். ஏரியலைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினார். இரைச்சல் அசையவில்லை.

"வண்டியும் கெழடு, ரேடியோவும் கெழடு. எதுன்னு நான் பாக்குறது, சொல்லுங்க?" என்று கையை விரித்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் உத்திராபதி ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். "வங்கக் கடலில்" என்று ஆரம்பித்தது; மிச்சத்தை இரைச்சல் தின்றுவிட்டது. மருதையன் வந்து நின்றான்.

"என்ன மாமா சொல்றான்?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வெட்கம் விடவில்லை. நாள்கணக்காய் "ரேடியோ நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. வானமும் வெளுப்பாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லப்பா. போயிட்டு வாங்க."

விடிந்து பார்த்தால் மரங்கள் போய்விட்டன. கிழக்கே கறுத்து, வாடைக்காற்று சீற ஆரம்பித்திருந்தது. உத்திராபதி ஜீப்புக்கு ஓடினார். எஞ்சினைக் கிளப்பி ரேடியோவைத் திருகினார். அதே கரகரப்பு. பானெட்டைத் தூக்கி ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தார். கையிலிருந்து ஸ்பானர் நழுவி, பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவே சிக்கியது. சட்டென்று இரைச்சல் அடங்கியது. ஸ்பானரை எடுத்தார், கத்தியது. திரும்ப வைத்தார், அடங்கியது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பானெட்டையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைக்கு அடியில் வெள்ளிப் பெயிண்ட் பளபளத்தது. வேறு யாருமில்லை, அவரேதான். ஆயுத பூஜைக்கு வண்டி லட்சணமாக இருக்கவேண்டுமென்று பட்டையைக் கழற்றி, அடியிலும் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் முடுக்கி, மேலே சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். பெயிண்டை மீறி இரும்பு இரும்பைத் தொடவில்லை. எஞ்சினின் இரைச்சல் முழுக்க ரேடியோவில் வந்து விழுந்தது.

கத்தியால் சுரண்டி, பட்டையை முடுக்கினார். குரல் சுத்தமாக வந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம் என்று நேற்றே விடுத்த எச்சரிக்கை இன்றும் நீடிப்பதாகச் சொன்னது. தன் காது செவிடாகியிருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். மருதையனின் தாய் காசியம்மா அவரிடம் வந்தாள். பக்கத்தில் அல்லி, இடுப்பில் பிள்ளையோடு.

"நேத்து ரேடியோவுல ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"சொல்லியிருக்கான் தங்கச்சி. எனக்குத்தான் கேக்கல. கேட்டமாரி சொல்லிட்டேன்."

காசியம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அல்லி அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றாள். யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று தவித்தார் அவர்.

மத்தியானத்துக்கு மேல் மரங்கள் ஒவ்வொன்றாக அலையில் புரண்டு கரையேறின. மருதையன் எல்லாருக்கும் கடைசியாக வந்தான். உள்ளங்கை தோல் உரிந்து, மணலில் விழுந்தவனின் கால்களைக் கட்டிக்கொண்டு உத்திராபதி ஓவென்று அழுதார்.

காற்று ஓய்ந்து, சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மருதையன் மறுபடி ஜீப்பருகே வந்து நின்றான். கடல் அமைதியாக இருக்கும், பயமில்லை என்று ரேடியோ அட்சர சுத்தமாகச் சொன்னது. அவன் காதிலும் அது விழுந்தது. இருந்தும் மாமனார் முகத்தையே பார்த்தான்.

"நீங்க சொல்லுங்க மாமா. போவட்டுமா?"

உத்திராபதி வாயைத் திறந்தார். போய்விட்டு வா என்று சொல்லத்தான் திறந்தார்.

"நாளைக்கு வேணாம்ப்பா" என்றார்.