பெரியப்பா அடித்த கோடு

சிலேட்டில் தப்பாக எழுதினால் நீங்கள் எச்சில் தொட்டு அழித்துவிடுகிறீர்கள். எங்கள் கிணற்றடிச் சுவரில் அப்படி அழிக்கக் கூடாது.

பைக்காரா அணைக் கரண்டு எங்கள் ஊர்ப்பக்கம் வராத காலம். எருது பூட்டித் தோல் பையில்தான் தண்ணீர் இறைப்போம். கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அதனால் முறைக்கு ஒரு கோடு, சுண்ணாம்பில், சுவரில் விழும். கோடு போடுவது என் வேலை. மழை வந்தால் அந்த முறை செல்லாது; அடுத்தது மற்றவர் முறை. கோட்டின் குறுக்கே கரியால் இழுத்துவிட வேண்டும். அழித்தால் பின்னால் சண்டை வரும் என்று, ஏற்கெனவே சண்டையில் இருந்த இருவருமே பயந்தார்கள்.

அந்தக் கோடையில் எங்கள் மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. எங்கள் முறை வந்தது. அப்பா எருதைப் பூட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு தூறல். மண்ணில் புள்ளி விழுந்ததோடு சரி.

பெரியப்பா தன் வரப்பில் நின்று தன் எருதிடம் சொன்னார்: "மழைன்னா மழைதானடா. பேசி வெச்சதுதானே?"

அப்பா எங்கள் எருதிடம் சொன்னார்: "நமக்கு ஆரோட தண்ணியும் வேண்டாம்னு சொல்லுடா." கரியை எடுத்துத் தானே இழுத்தார். இழுத்த வேகத்தில் கரி உடைந்தது.

சாயந்திரம் அம்மா கேட்டாள்: "உங்க ரோசத்தை ஊத்துனா செடி பொழைக்குமுங்களா? நாளைக்குத் தண்ணி இல்லீன்னா எல்லாம் போச்சு." இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பெரியப்பா இருமுவது கேட்டது.

மறுநாள் காலையிலேயே வெயில் கொளுத்தியது. அவர்கள் முறைக்குக் கோடு போட்டுவிட்டு நின்றேன். பெரியப்பா எருது இல்லாமல் வந்தார். கரியை எடுத்துத் தன் கோட்டின் குறுக்கே இழுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க பெரியப்பா, மழை பெஞ்சது நேத்துங்க! எங்க முறையிலீங்க!"

"எங்க காட்டுல இன்னைக்குத்தான், கண்ணு, பெஞ்சுது. எங்க முறை செல்லாது. அடுத்த கோட்டை இப்பவே போட்டுப்போட்டு, உங்கப்பனை வரச் சொல்லு."

அப்பா வந்தார். சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எருதைப் பூட்டினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி மிளகாய்க்குப் பாய்ந்தது. அன்று முழுக்க அவர் எருதிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியப்பாவுக்கு வெயிலுக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஒரு சொம்பு மோரை என் கையில் கொடுத்து, "பெரியப்பாவுக்குக் கொண்டுபோய்க் குடு சாமி" என்றாள்.

போகிற வழியில் அவருடைய ராகி வெயிலில் சுருண்டு நின்றது. இன்றைக்கு மழை பெய்த காட்டில் பயிர் ஏன் இப்படி வாடுகிறது என்று யோசித்துக்கொண்டே, மோர் சிந்தாமல் நடந்தேன்.