வினிகர் பட்டதும் தெரிந்த வெள்ளைத் திட்டு

கொவிட் கெடுபிடிகள் எல்லாம் ஓய்ந்து, லிட்டில் இந்தியாவில் கடைத்தெருக் கூட்டம் பழையபடி முட்டி மோத ஆரம்பித்திருந்த சமயம் அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் நான் சேலை பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு தீவின் வடக்கே ஈசூனில். காலையில் ரயிலேறி வந்தால் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத்தான் திரும்புவேன்.

பிளவுஸ் தைப்பவளிடம் பெண்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள்! அளவெடுக்கக் கையைத் தூக்கி நின்றதும் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார் சண்டை, மாதவிலக்கு நின்ற கதை, புருஷன் பேசாமல் இருக்கும் கதை என்று எல்லாம் வரும். நானும் வாய் ஓயாதவள்தான், யாரையும் கிண்டல் பண்ணாமல் ஊசியில் நூல்கூடக் கோர்க்க மாட்டேன். ஆனால் கடையில் கேட்டது இதுவரை மாடிப்படி இறங்கியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் தொழில் ஓடுகிறது.

என் வாடிக்கையாளர்களில் ஒரு தாதி, அதாவது நர்ஸ், உண்டு. நம் தமிழ்ப் பெண்தான், ஒரு பெரிய மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. ஒரு நாள் பிளவுஸ் வாங்க வந்தவள், போட்டுப் பார்க்கிற டிரையல் ரூமையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து மூடினாள், தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். "என்னம்மா, வாடகைக்குக் குடிவரப் போறியா?" என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

கருப்பை வாயில் வரும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்று ஒரு கிருமிதான் காரணமாம். தாம்பத்திய உறவில் பரவுகிற கிருமி. அது உடம்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிட்டால் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம். சோதனை இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, ஆனால் நம் வயதுப் பெண்களில் நிறைய பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. மேசையில் படுத்து, விளக்கு வெளிச்சத்தில், முன்பின் தெரியாத ஒருவர் சோதிப்பதை நினைத்தாலே காய்ச்சல் வந்துவிடுகிறது. அதனால் அவளுடைய மருத்துவர்கள் ஒரு புது ஆய்வு தொடங்கியிருந்தார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி மாதிரி, ஆனால் நீளமாக, ஒரு குச்சி. அதை வைத்துப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். பழகிய இடத்தில் அப்படி ஒரு வசதி இருந்தால், மருத்துவமனைக்கு வராதவர்களும் சோதனைக்கு வருவார்களா என்று பார்ப்பதுதான் ஆய்வு. பழகிய இடம் என்று அவள் பார்த்து வைத்தது என் டிரையல் ரூமை!

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. இந்த மாதிரி நோய்க்கெல்லாம் இடம் கொடுத்தால் கடைப்பேர் என்ன ஆவது? முடியவே முடியாது என்றேன். அவள் அசரவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டக் கூச்சப்படுறவங்க எல்லாம் உங்க முன்னாடி ஊக்கைக் கழட்டிட்டுத்தானே அக்கா நிக்கிறாங்க?"

சரி என்று தலையாட்டிவிட்டேன். மருத்துவமனையின் அனுமதி எல்லாம் வந்த பிறகு, சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தாதி என் கடையில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் பண்ணிய கூத்தைச் சொல்லி மாளாது. டிரையல் ரூமில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடி தன்னைப் பார்க்கிறது, அதன் முன்னால் மாட்டேன் என்று ஒருத்தி அடம்பிடித்தாள். லைனிங் துணியை எடுத்துக் கண்ணாடிக்குத் திரை போட்டேன். இன்னொருத்தி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, குச்சியைத் தாதி கொடுத்த சின்னக் குழாயில் போடாமல் டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாதி படியிறங்கி ஓடிப்போய் மடக்கினாள். நானும் செய்துகொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது.

எங்கள் சந்தின் முனையில் கைலி, தொப்பி, அத்தர் விற்கும் கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிற முஸ்லிம் அக்காவும் நானும் பல வருடப் பழக்கம். நோன்புக் கஞ்சி எனக்குத் தூக்குவாளியில் வரும், என் வீட்டு முறுக்கு அவருக்குப் போகும். அவர் கணவர் மாரடைப்பில் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள், பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அப்பா என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர். அவர் போட்டோவைக் கைபேசித் திரையிலேயே வைத்திருப்பாள். அக்காவுக்கு இந்தச் சோதனையில் துளியும் இஷ்டமில்லை. "எனக்கெதுக்கு இதெல்லாம், நான் தனிக்கட்டை" என்றார். நான்தான் வம்படியாகக் கையைப் பிடித்து மாடியேற்றினேன்.

முடிவை வீட்டுக்குச் சொல்ல வேண்டாம், மகள் காதில் விழும், தையல்கடையிலேயே சொல்லுங்கள் என்று அக்கா முதலிலேயே கேட்டிருந்தார். ஒரு மத்தியான வேளையில் தாதி வந்தாள். நான் எழுந்து வெளியே போகப் போனேன். இவளும் இருக்கட்டும் என்று அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கிருமி இருக்கிறது, அதிலும் கெடுதல் செய்யக்கூடிய வகை என்றாள் தாதி. புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் உடனே மருத்துவமனைக்கு வந்து உள்ளே பார்க்க வேண்டும் என்றாள். அக்கா அதையெல்லாம் கேட்ட மாதிரியே தெரியவில்லை. இந்தக் கிருமி எப்படி வரும் என்று அன்றைக்குச் சொன்னாயே, அதைத் திரும்பச் சொல் என்றார். தாதி சொன்னாள்.

"எனக்கு அவங்கள விட்டா வேற ஆளே கிடையாதும்மா" என்றார் அக்கா.

தாதி பதறாமல் பேசினாள். இது உலகத்தில் ரொம்பச் சாதாரணமான கிருமி, பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து, தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் வருடக்கணக்கில் தூங்கிக்கிடக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே கணவருக்கு வந்திருக்கலாம். எப்போது வந்தது, எப்படி வந்தது என்று சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது, அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றாள். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கபர்ல கிடக்கறவங்கள நான் போய் என்னன்னு கேக்குறது? விட்டுரு. என் மகளுக்குத் தெரிஞ்சா அவ அத்தாவப் பத்தி என்ன நினைப்பா?"

அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டார். மருத்துவமனை கொடுத்த முதல் தேதிக்குப் போகவில்லை. இரண்டாவது தேதிக்கும் போகவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், நீங்களும் போய்விட்டால் மகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். உன் வேலையைப் பார் என்று ஒரே பேச்சில் வாயை அடைத்துவிட்டார். என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நாட்களில் எனக்குக் காலமான அந்த நல்ல மனிதர்மேலேயே கோபம் வந்தது என்றால் பாருங்கள். கபர்க்குழியில் இருந்துகொண்டு அக்காவைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, காப்பாற்ற வழி இருந்தும் போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று பயந்து பயந்தே தைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கடையைத் திறந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா வந்து வாசலில் நின்றார். தேதி வாங்கிவிட்டேன், நாளைக்குக் காலையில், நீ கூட வர வேண்டும் என்றார். தலைக்கு மேல் வேலை கிடந்தது. கிடக்கட்டும் என்று மறுநாள் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

அங்கே இருந்த மருத்துவர் நரைத்த முடியோடு ஒரு சீன அம்மாள். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால், என்னைத் தலைமாட்டில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொன்னார். பக்கத்தில் ஒரு கணினித் திரை. பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவி காட்டுவதெல்லாம் அதில் பெரிதாகத் தெரிந்தது. கருப்பை வாய் இளஞ்சிவப்பாக, வழவழவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. எத்தனையோ பட்டில் இழை பிசகைக் கண்டுபிடித்த கண் என்னுடையது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் இல்லை போலிருக்கிறது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மருத்துவர் ஒரு புட்டியில் பஞ்சை நனைத்து அங்கே ஒற்றினார். குப்பென்று ஒரு வாசனை. மீ கோரெங் நூடுல்ஸோடு கொடுப்பார்களே ஊறவைத்த பச்சைமிளகாய், அந்த வாசனை. வினிகரா என்று கேட்டேன். ஆமாம், அடுப்படியில் இருக்கிறதே அதேதான், தண்ணீர் கலந்தது, கொஞ்சம் பொறு என்றார் மருத்துவர்.

பொறுத்தோம். திரையில் அந்த இளஞ்சிவப்பின் ஓரத்தில் மெதுவாக ஒரு வெள்ளை எழும்பியது. முதலில் புகை மாதிரி, பிறகு தோசைக்கல்லில் மாவு வேகிற மாதிரி அழுத்தமான வெள்ளை. சற்றுமுன் நான் பார்த்த அதே இடம்தான்! வலி இல்லை, ரத்தம் இல்லை, எத்தனை வருடமாகவோ அங்கே உட்கார்ந்திருந்தது, அரைத் தேக்கரண்டி வினிகருக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை. இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான், எத்தனை பெண்கள் முகம் தெரியாமல் ஆய்வுக்குத் தங்களைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். "இத்தனூண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளையில் துளி கிள்ளிச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்கு முந்தின படி என்று வந்தது. விட்டிருந்தால் சில வருடங்களில் புற்றாகியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையம் ஒன்றால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்தார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டில் இருந்தார் அக்கா. சில மாதங்கள் கழித்து மறுபடி சோதித்தபோது கிருமியும் போய்விட்டிருந்தது.

அந்த நல்ல செய்தி கிடைத்த அன்று மருத்துவமனையின் உணவுக்கடையில் தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குப் பழைய குசும்பு திரும்பிவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தியும் நகராத ஆள், கடைசியில் தாதியின் விளக்கத்துக்குத்தானே மசிந்தீர்கள் என்று சீண்டினேன். அக்கா சிரிக்கவில்லை. கோப்பையைக் கையால் அணைத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"அந்தப் புள்ள சொன்னது மூளைக்குப் புரிஞ்சுச்சு, மனசுக்கு ஏறல. அவங்க தப்புப் பண்ணாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது, இனிமே தெரியவும் போறதில்ல. மக வயித்துல இருந்தப்ப எனக்கு ரத்தம் பட்டுச்சு. அப்ப எங்க அடுக்குமாடி புளோக்குல லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது. என்னை ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டே படியிறங்கி ஓடுனாங்க. இப்ப உசுரோட இருந்து, எனக்கு இப்படின்னு தெரிஞ்சிருந்தா, என்னைத் திட்டித் தூக்கிட்டாவது இங்க வந்திருப்பாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சத வச்சுக்கிட்டு வந்தேன்."

மகளிடம் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், லிஃப்ட் கதையையும் சேர்த்து. மகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாளாம். என் பெயரைச் சொல்லாமல் நீயும் நாலு பேருக்குச் சொல் என்றார்.

வினிகரில் ஒரு நோய் தன் முகத்தைக் காட்டும் என்பதை இப்போதும் வாய் ஓயாமல் எல்லோரிடமும் சொல்கிறேன்; ஆனால் பதிலே கிடைக்காத ஒரு கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு உரியவரின் அன்பையே துணையாகக் கூட்டிக்கொண்டு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்த அந்தப் பெண்ணை நினைத்தால் மட்டும், இன்றைக்கும் எனக்குப் பேச்சு வருவதில்லை.