ஸ்டெபிலைசர் மேல் காய்ந்த ஸ்வெட்டர்

தேயிலை விலை விழுந்திருந்த வருடம். கோத்தகிரி பக்கம் சிறிய ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்தேன். மெஷினுக்குக் கரண்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் மேல்தான் நாங்கள் நனைந்த குல்லாவைக் காயவைப்போம். அன்று நான் ஸ்வெட்டரையே விரித்துவிட்டேன். காற்றுத் துளைகள் அடைபட்டு, சூடு தாங்காமல் ஸ்டெபிலைசர் தானாக நின்றது. மெஷினும் நின்று, உள்ளிருந்த இலையெல்லாம் கெட்டது. பயத்தில் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலாளி, தரை கழுவிக்கொண்டிருந்த ராஜம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஸ்டெபிலைசரையும் சேத்துக் குளிப்பாட்டுனியா? இலை போற விலைக்கு இது வேறயா! நாளையிலிருந்து வராத."

"சத்தியமா இல்லீங்க" என்று அவர் அழுதார். நான் குனிந்து கெட்ட இலையை அள்ளினேன்.

போகும்போது ராஜம்மா என்னிடம் நின்றார். "ஏனுங்ண்ணா, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது? காய்ச்சலுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அன்று நான் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.