மடியில் வந்த முகம்

தஞ்சோங் மாலிமில் படிக்கும் என் மகள், இறந்துபோன தன் அப்பாவின் முகத்தைக் கரித்துண்டால் வரைந்திருந்தாள். அதை ஈப்போவிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

"மா, முகத்துல எதுவும் படக்கூடாது. பட்டா அழிஞ்சிடும் லா" என்று சொல்லி, மேலே மெல்லிய தாள் போட்டு அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள்.

பஸ் ஏறுவதற்குள் மழை பெட்டியை நனைத்துவிட்டது. உள்ளே தாளும் ஈரமாகியிருந்தது. படத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து அதை எடுத்துவிட்டேன். மூட வேறு எதுவும் இல்லை. படத்தை அப்படியே மடியில் வைத்து ஓரங்களைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போனதிலிருந்து அவருடைய போட்டோ ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

பக்கத்து இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண். "வீட்டுக்காரராக்கா? சிரிக்கிறதப் பாத்தா கிண்டல் புடிச்ச ஆளு மாதிரி இருக்கு லா" என்றாள்.

"ரொம்ப. நான் சம்பால் செஞ்சா, நாக்கு எரியுது, தீயணைக்கிற பொம்பா வண்டிய கூப்பிடவான்னு கேப்பாரு."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடியும் முன்பே என் கண் நிறைந்துவிட்டது. ஒரு சொட்டு விழுந்தாலும் முகம் கலைந்துவிடும். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

அவள் ஓரங்களை மட்டும் பிடித்து, படத்தை மெதுவாகத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க அழுங்கக்கா. அண்ணன நான் புடிச்சிக்கிறேன்."

வழியிலிருந்த சுங்காயிலிருந்து ஈப்போவரை அழுதேன். அவர் ஒரு கோடுகூடக் கலையாமல் வந்து சேர்ந்தார். கூச்சத்தில் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அழுவதற்கும் எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது என்பது அதற்குமுன் எனக்குத் தெரியாது.