எட்டாவது வளைவு

கரியாலூரிலிருந்து மத்தியான வேனில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். நரைத்த மீசைக்கார ஓட்டுநர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதன் எண்ணை உரக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏழு” என்றார். அடுத்த வளைவில் பேசவில்லை. அதற்கடுத்ததில், “எட்டு” என்றார்.

“இது ஒம்போதுண்ணே” என்றேன்.

சட்டென்று வண்டியை ஓரங்கட்டினார்.

“அப்ப எட்டுல நான் இல்லீங்க.”

“இன்னாண்ணே சொல்றீங்க?”

“தூக்கம் கம்மியானா, கண்ணு தொறந்திருக்கும்போதே மூளை ரெண்டு செகண்டு தூங்கிடுங்க. நமக்கே தெரியாது. அத்தக் கண்டுபுடிக்கத்தான் எண்ணிக்கினு வரேன். பழக்கத்துல கை திருப்பிடுச்சி.”

முகம் கழுவி வந்தவர், “நீங்களும் எண்ணுங்க” என்றார். அடிவாரம் வரை கத்தி எண்ணினேன்.

அந்த எட்டாவது வளைவில் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.