காலியாக நின்ற இரண்டு மாதங்கள்

செஞ்சியில், வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுப்பது என் தொழில். போன வருடம் ஊரிலுள்ள ஒரு சின்ன மருத்துவமனைக்காக ஒன்று எழுதினேன். அங்கிருக்கும் நர்ஸ் அவலூர்பேட்டைப் பக்கக் கிராமங்களுக்கு ஸ்கூட்டியில் போய் மாதம் ஒருமுறை கைக்குழந்தைகளை எடை போடுவாள். எடையை போனில் பதிந்ததும் குழந்தையின் வளர்ச்சி ஒரு கோடாகத் தெரிய வேண்டும்.

அப்படிக் கோடு போடுவதற்கென்றே சார்ட் கருவிகள் இருக்கின்றன. இரண்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கோடு வழுக்கிக்கொண்டு வரும். விரல் வைத்தால் எடை மிதந்து எழும். மற்றது பள்ளிக்கூட கிராஃப் நோட்டுபோல இருந்தது. புள்ளி, கோடு, அவ்வளவுதான். அழகானதில் மயங்கி, பத்து நாள் அதிலேயே உழைத்தேன். டாக்டரும் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குதும்மா" என்றார்.

மறுநாள், பதிவேட்டில் இருந்த பழைய எடைகளையெல்லாம் ஏற்றி நர்ஸிடம் காட்டினேன். என்னைவிடச் சின்னவள். சோற்றுக் கையோடு இடது விரலால் ஒவ்வொரு குழந்தையாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், ஒரு பெண் குழந்தையிடம் நின்றுவிட்டாள்.

"அக்கா, இது தப்புக்கா."

"எது?"

"இந்தக் கொயந்தய ரெண்டு மாசமா நான் பாக்கவே இல்ல. எப்பப் போனாலும் வூடு பூட்டிக்கினு இருக்குது. கோடு பாருக்கா, நேத்து எட போட்ட மாரி கடைசி வரைக்கும் வந்து நிக்குது."

அவள் சொன்னது சரி. பதிந்த எடைகளையெல்லாம் சமமாகப் பரப்பி, கோட்டை ஓரம்வரை இழுத்துவிட்டிருந்தது அந்தக் கருவி. விட்டுப்போன மாதங்களுக்கு அதில் இடமே இல்லை. நான் அதைக் கவனிக்கவேயில்லை. அந்தக் குழந்தைக்குக் கடைசியாகப் போட்டபோதே எடை குறைவு.

அதைத் திருத்த ஒரு நாள் முழுக்கப் போராடினேன். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் கெட்டது. கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டு கிராஃப் நோட்டுக் கருவிக்கு மாறினேன். அது மாதங்களை வரிசையாக வைத்து, எடை இல்லாத இடத்தைக் காலியாகவே விட்டது. அந்தக் குழந்தையின் கோடு பாதியிலேயே நின்றது. டாக்டர் அதைப் பார்த்ததும், "இந்தக் கொழந்த எங்க? போய்ப் பாருங்க" என்றார்.

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் நர்ஸின் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன். வீடு பூட்டித்தான் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "அவ சீயமங்கலத்துல அம்மா வூட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சே" என்றார். விசாரித்துக்கொண்டு அங்கே போனோம்.

குழந்தையின் அம்மாக்காரி பதறிப்போய் வெளியே வந்தாள். "எங்க நைனா கால ஒடச்சிக்கினாரு சிஸ்டர். நான்தான் கூட இருந்து பாத்துக்கறேன். எட போட எங்க போறதுன்னு தெரில."

இடுப்பில் இருந்த குழந்தை நர்ஸின் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தது. தராசுத் தொட்டியில் படுக்கவைத்தோம். உதைத்த உதையில் முள் நிலைகொள்ளவே நேரமானது. நர்ஸ் குனிந்து பார்த்தாள். எழுந்து மறுபடியும் குனிந்தாள்.

"நல்லா ஏறிக்குதுக்கா!"

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாக்காரி ஒரு தட்டு நிறைய வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தாள். அன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.